நீர் மாத்திரையும் குரூகரும்

மே 3
தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்கு அப்பாவோடு போக வேண்டும். அங்கே லோயர் சாபி கேம்ப்பில் ஜூனுக்கு ஒரு குடில்கூட இல்லை. பதினோரு மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடுகிறார்கள். யாராவது ரத்து செய்தால்தான் உண்டு.

மே 5
ஸ்குகூசா கேம்ப்பில் இரண்டு இரவு, சதாரா கேம்ப்பில் ஒன்று. பணம் கட்டிவிட்டேன். அப்பாவுக்கு விசாவே வரவில்லை.

மே 9
நாள் முழுக்க மேப்பும் கையுமாக இருந்தேன். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40, அதற்கு மேல் போகக் கூடாது. ஜூனில் கேட் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடுகிறது. அதற்குள் ஏதாவது ஒரு கேம்ப்புக்குள் இருந்தாக வேண்டும். லோயர் சாபியிலிருந்து சதாரா 93 கி.மீ. நிற்காமல் போனால் இரண்டு மணி நேரம். நிற்காமல் போவதற்கு யார் இங்கே வருகிறார்கள்? நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா இதயத்துக்காக நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரியவைப்பது) போடுவது காலை ஏழு மணிக்கு. அதற்கப்புறம் பதினொன்று வரை அரை மணிக்கு ஒரு தரம் போக வேண்டும். சிங்கம் கண்ணில் படுவதும் அதே நேரத்தில்தான். குறிப்பிட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஸ்குகூசா, லோயர் சாபி வழியில் என்குஹ்லு. சதாரா வழியில் ட்ஷோக்வானே. எல்லோரும் சிறுத்தை பார்த்த இடத்தைக் குறித்துவைப்பார்கள். என் மேப்பில் கழிப்பறைகளுக்குத்தான் சிவப்பு மை.

மே 10
"பாட்டில் இருக்குதல்ல கண்ணு. முப்பது வருசம் பஸ் ஓட்டுனவனுக்கு இதெல்லாம் புதுசா?"
மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். கேட்க மாட்டார்.

மே 14
விசா இல்லை. லோயர் சாபி இல்லை.

மே 17
தூக்கம் வரவில்லை. ஒரு வளைவில் திரும்புகிறேன், யானை நிற்கிறது, பின்னால் இன்னொரு கார். எப்படி ரிவர்ஸ் எடுப்பது?

நம்மூர் யானைக்குக் கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று ஊருக்கே தெரியும். ஆப்பிரிக்க யானைகளுக்கு, பெண் யானைக்கும்கூட, பதற்றம் வந்தாலே கன்னம் நனைந்துவிடுமாம். அதை மட்டும் நம்ப முடியாது. பின்னங்கால் நனைய சிறுநீர் சொட்டிக்கொண்டே வந்தால், அது மதம் பிடித்த ஆண். ஒதுங்கிவிட வேண்டும். (எங்கே சுற்றினாலும் கதை அங்கேதான் வந்து நிற்கிறது.)

அப்பா சிரிக்கிறார். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறினவர், ஆசனூரில் கரும்பு லாரியை மறித்து நிற்கிற யானைகளுக்குப் பின்னால் காத்துக் கிடந்தவர். "ஆரன் அடிக்காத. இஞ்சினை நிறுத்தாத. அது வழியில அது போயிரும். வண்டிய நாந்தான் ஓட்டுவேன், சொல்லிப்போட்டேன்."

அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மே 21
மலேரியா மாத்திரை. ஜூனில் அங்கே குளிர்காலம், கொசு குறைவுதான், ஆனாலும் போடச் சொல்கிறார்கள். போவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்தபின் ஏழு நாள் தொடர வேண்டும். இதய மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? பட்டியலை அனுப்பியிருக்கிறேன்.

மே 24
அப்பாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிசல்ட் நாளைக்கு.

மே 25
நாளைக்காம்.

மே 26
அப்பாவுக்கு இப்போது லெட்டாபாவும் போகணுமாம். அங்கே உள்ள யானை அருங்காட்சியகத்தில் ஷாவு என்கிற யானையின் தந்தம், 317 செ.மீ., பத்தடிக்கு மேலே! சதாராவுக்கும் வடக்கே இருக்கிறது அது. கழிப்பறைக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். எரிச்சலில் கத்திவிட்டேன். "சரி உடு கண்ணு" என்று போனை வைத்துவிட்டார்.

மே 29
லோயர் சாபி! ஒரு இரவு, ஆற்றைப் பார்த்த குடில்! யோசிக்காமல் பணம் கட்டினேன். லெட்டாபாவையும் சேர்த்தாயிற்று.

ஜூன் 1
விசா வந்துவிட்டது. எக்கோவும் வந்தது. இதயம் பம்ப் செய்வது இன்னும் குறைந்திருக்கிறது. நீர் மாத்திரையை இரண்டு வேளையாக்கிவிட்டார்கள். விமானத்தில் போகலாமா என்று வியாழக்கிழமைதான் சொல்வார்களாம். குடிலை ரத்து செய்ய என்றைக்குள் சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். வாடகை வண்டி கியரா, ஆட்டோமேட்டிக்கா என்று கேட்கிறார்.