இயற்கை ஒயினில் தாமிரக் கணக்கு

இயற்கை (ஆர்கானிக்) ஒயின் என்றதும் மருந்தே அடிக்காத தோட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, ரசாயன உரம் கிடையாது. ஆனால் தாமிரமும் கந்தகமும் உண்டு. இதில் தாமிரம்தான் தலைவலி.

ஈரமான பருவத்தில் திராட்சைக் கொடியை அழிப்பது அடிச்சாம்பல் நோய். 1885-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே அறிவித்த போர்டோ கலவைதான் இதற்குப் பழைய மருந்து. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் பிளாஸ்டிக் தொட்டிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகும்.

மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். ஹெக்டேருக்கு இந்தக் கலவை 500 லிட்டர் என்றால் ஒரு தடவைக்கு 1.25 கிலோ தாமிரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 7 ஆண்டுகளுக்கு 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4. மூன்று தடவையிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும். தாமிரம் மக்கவும் மக்காது. மேல்மண்ணிலேயே சேர்ந்து மண்புழுவைக் கெடுக்கும். அதனால் செறிவைக் குறைத்து, மழைக்கு முந்தி அடிப்பதே முறை. இலைக்குள் புகுந்துவிட்ட நோயை இது குணப்படுத்தாது. கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தருவது, சோலாரிஸ் போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தை நடுவது, இரண்டுமே மருந்துத் தேவையைக் குறைக்கும். எந்த மருந்தையும்விட நான் நம்புவது இவற்றைத்தான்.

அடிச்சாம்பலிலிருந்து வேறான சாம்பல் நோய்க்குக் கந்தகம். கடும் வெயிலில் அடித்தால் இலையும் காயும் வெந்துபோகும். அறுவடை நெருங்கியபின் அடித்தால் தோலில் தங்கிய கந்தகம், நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றமாக வெளிவரும்.

அடுத்தது சல்பைட், ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மம். அமெரிக்காவில் ஆர்கானிக் ஒயினில் அதைச் சேர்க்கவே கூடாது. ஐரோப்பாவில் 2012 முதல் இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளைக்கு 150 வரை அனுமதி. ஈஸ்ட்டும் தானாகக் கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் 'சேர்க்காதது' வேறு, 'இல்லாதது' வேறு. பிஎச் (எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்) 3.2 இருந்தால், ஒயினின் மற்ற பொருள்களோடு கட்டுண்ணாத சல்பைட் லிட்டருக்கு 21 மில்லிகிராம் அளவே நல்ல காவல், 3.8 ஆனால் அதே காவலுக்கு 80 வரை வேண்டும். கட்டுண்டதையும் கூட்டினால் சிவப்பு ஒயின் வரம்பைத் தாண்டிவிடும். பழம் பழுக்கப் பழுக்கப் பிஎச்சும் ஏறும் என்பதால், பறிக்கும் நாளைச் சர்க்கரையை மட்டும் பார்த்துக் குறிக்காமல், சாற்றின் பிஎச்சையும் அளந்து குறியுங்கள்.