கணக்கை யார் எழுதுகிறார்கள்?

பதினான்கு ஆண்டுகள் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு 2023 இறுதியில் ராஜினாமா செய்தேன். இப்போது காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் மேசையைப் போட்டுக்கொண்டு, மொத்தமே இருபது பேர் உள்ள ஒரு சிறு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். கோவிலிலும் கல்யாண வீட்டிலும் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அவ்வளவு பெரிய கம்பெனியை ஏன் விட்டாய்? "ஆபீஸ் அரசியல்" என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு கேட்காமல் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யாரோ ஒரு கெட்ட மேனேஜரிடம் மாட்டிக்கொண்டிருந்தேன் என்று அவர்களாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும்.

உண்மையில் என் பதினான்கு ஆண்டுகளில் வாய்த்த ஏழு மேனேஜர்களில் கெட்டவர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். மற்ற அறுவரும் நல்ல மனிதர்கள். என் திருமணத்துக்குக் காரைக்குடி வரை வந்து, பந்தியில் கவுனி அரிசியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் அரசியல் இருந்தது, எல்லோர் காலத்திலும் இருந்தது. நல்லவர்கள் நிறைந்த இடத்தில் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது.

ஓர் இரவைச் சொல்கிறேன். மாதக் கடைசி. வாடிக்கையாளரின் கணக்கு முடிக்கும் நிரல் அதிகாலை இரண்டே முக்காலுக்கு நின்றுபோனது. நானும், சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த ஒரு பையனும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு, ஒரு அட்டவணையில் இரண்டு தடவை ஏறியிருந்த வரிகளைக் கண்டுபிடித்து, நீக்கி, மறுபடி ஓடவிட்டு முடித்தபோது மணி ஆறேகால். அவன்தான் அந்த இரட்டை வரிகளை முதலில் பார்த்தவன். நான் குளிக்கப் போனேன். அவன் தூங்கப் போனான். ஏழு மணிக்கு, எங்கள் அணியில் இரவு முழுவதும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவர், நடந்ததையெல்லாம் நான்கு வரியில் தொகுத்து, வாடிக்கையாளருக்கும் எங்கள் மேனேஜருக்கும் மேனேஜரின் மேனேஜருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். அதில் பொய் ஒரு சொல் கூட இல்லை. "சிக்கல் கண்டறியப்பட்டது, சரிசெய்யப்பட்டது" என்று இருந்தது, அவ்வளவே; யாரால் என்று சொல்லாமல் எழுதியிருந்தார். (செயப்பாட்டு வினையின் பயனை எனக்குப் பள்ளித் தமிழாசிரியரை விட அந்த மின்னஞ்சல் நன்றாகவே கற்றுக்கொடுத்தது.) வாடிக்கையாளர் அவருக்கு நன்றி எழுதினார். ஆண்டு இறுதி அப்ரைசலில் அந்த நன்றி அவருடைய படிவத்தில் சான்றாக ஏறியது.

அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபம் இப்போது இல்லை. எங்கள் மேனேஜருக்கு மேலே இருந்தவர் நூற்று எண்பது பேருக்குப் பொறுப்பாளி. அதிகாலை மூன்று மணிக்கு யார் விழித்திருந்தார்கள் என்பதை அவர் அறிய வழியே கிடையாது, அவர் கண்ணுக்கு எட்டுவது மின்னஞ்சல் ஒன்றுதான். ஆகவே வேலை செய்வது ஒரு வேலை, செய்த வேலையை மேலே இருப்பவர் கண்ணில் படவைப்பது இன்னொரு வேலை என்று ஆகிவிடுகிறது. இரண்டாவதைத்தான் நாகரிகமாக "விசிபிலிட்டி" என்கிறார்கள். அந்த இரண்டாவது வேலைக்குச் சம்பளம் அதிகம் என்பதைக் கண்டுகொண்டவர்கள் முதல் வேலையை மெல்லக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது?

இதன் உச்சம், அப்ரைசலில் ஒவ்வொருவருக்கும் இடும் தரம், ரேட்டிங். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு 1981 முதல் 2001 வரை தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை மேலே 20 விழுக்காடு, நடுவே 70, கீழே 10 என்று பிரித்து, கீழே உள்ளவர்களை வெளியே அனுப்பும் முறையைப் பெரிதாக்கினார். பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களில் "பெல் கர்வ்" (மணி வடிவ வளைவு) என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு ஏப்ரல் மாதம் கழிந்ததில்லை. 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைக் கைவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் நிறுவனமும் கைவிட்டதாக அறிவித்து எல்லோருக்கும் கேக் கொடுத்தது. ஆனால் சம்பள உயர்வுக்கென ஒதுக்கும் தொகை முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். வளைவின் பெயர் போய்விட்டது, வளைவு போகவில்லை.

அந்தக் குறைப்பு நடக்கும் இடத்துக்கு "நார்மலைசேஷன் கூட்டம்" என்று பெயர். ஏழெட்டு மேனேஜர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, தங்கள் தங்கள் அணியின் பெயர்களை வைத்துப் பேரம் பேசுவார்கள். உள்ளே உரக்கப் பேசத் தெரிந்த மேனேஜரின் அணிக்கு நல்ல ரேட்டிங் கிடைக்கும். வேலையை நேசித்து, கூச்ச சுபாவத்தோடு இருக்கும் மேனேஜரின் அணி மொத்தமாக அடிவாங்கும். என் அறுவர் நல்லவர்களில் நால்வர் இந்தக் கூச்சக்காரர்கள். 2018இல் எனக்கு மகள் பிறந்தபோது, 2017இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 26 வாரம் விடுப்பு கிடைத்தது. அதில் ஒரு நாளைக் கூட யாரும் பிடித்தம் செய்யவில்லை. திரும்பி வந்ததும் பதினொரு பேர் அணியில் கடைசி ரேட்டிங் எனக்கு. மேனேஜர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அந்தக் கட்டத்தில் ஒருவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். நீங்கள் ஆறு மாதம் இல்லை அல்லவா, விளக்கம் சொல்லச் சுலபமாக இருந்தது." அவர் நேர்மையாகச் சொன்னதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். அன்று கழிவறையில் போய் அழுதேன் என்பது வேறு.

2016இல் தமிழ்நாடு அரசு, ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. எங்கள் அலுவலகத் தளத்தில் அந்தச் செய்தியை எல்லோரும் கைபேசியில் படித்தார்கள். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்குக் கிடைக்கும் ரேட்டிங் தனக்குக் கிடைக்காத ரேட்டிங் என்று நினைக்கப் பழக்கப்பட்டவர்கள் எப்படிச் சேர்ந்து நிற்பார்கள்?

ஊருக்கு வந்த பிறகு இதையெல்லாம் நான் விரிவாகப் பேசியது ஒருவரிடம்தான்: எங்கள் ஐயாவின் தம்பி, சின்ன ஐயா. எண்பத்தெட்டு வயது. 1951இல், பதினான்கு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். செட்டிநாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம்: வட்டிக்கடைக்கு முதலாளி ஊரில் இருப்பார், கடல் கடந்த கடையை நடத்துபவர் மேலாள், அவருக்கு அடுத்து அடுத்தாள், எல்லோருக்கும் கீழே கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து தொழில் கற்கிற சிறுவன் பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்றாண்டுக் கணக்கு. போகும்போதே முதலாளியோடு சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கணக்கை ஒப்படைத்த பின் லாபத்தில் ஒரு பங்கு கிடைக்கும். 1930இல் பர்மாவின் வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி அங்கே மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள், 75 கோடி ரூபாய் மூலதனம். இன்றைய பேச்சில் சொன்னால் அதுவும் பன்னாட்டு வேலைதான். ஆன்சைட் என்ற சொல்தான் அப்போது இல்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சின்ன ஐயா சிரித்தார். பினாங்குக் கிட்டங்கியில் ஒரே கூடத்தில் வரிசையாகப் பல கடைகள், ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய் அகலத்துக்கு இடம். அங்கேயே எழுத்து, அங்கேயே படுக்கை. அடுத்தாள், மேலாளைப் பற்றி முதலாளிக்கு ரகசியமாகக் கோள் கடிதம் எழுதுவார். அதைத் தபாலில் போட்டுவரச் சொல்லிப் பையனிடம் இரண்டு காசு கொடுப்பார். மேலாள், என்ன எழுதியிருந்தது என்று கேட்டுப் பையனுக்கு நான்கு காசு கொடுப்பார். (அவர் எந்தக் காசையும் மறுக்கவில்லையாம்.) முதலாளியின் மைத்துனர் என்பதற்காகவே, கூட்டல் கூடச் சரியாக வராத ஒருவர் மேலாளாக வந்ததும் உண்டு. அதைவிடக் கொடுமை, பாதியில் விட்டுவிட்டு வரவே முடியாது. "ஓடிவந்தவன்" என்று பெயர் விழுந்துவிட்டால் வேறு கடையில் சேர்க்கமாட்டார்கள், எங்கள் சமூகத்தின் ஒன்பது கோவில் பிரிவுகளிலும் பெண் கிடைக்காது. எனக்கு மூன்று மாத நோட்டீஸ்தான் நீளமாகத் தெரிந்தது. அவர்களுக்கு மூன்று வருடம். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னதையும், 2025இல் எல் அண்டு டி தலைவர் 90 மணி என்று கூட்டியதையும் அவருக்குச் சொன்னேன். "பெட்டிக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்தோம் ஆத்தா. மணியை யாரு பாத்தா?" என்றார்.

அந்த மூன்றாண்டுகளும் வீட்டுப் பெண்களான ஆச்சிகள் இங்கே தனியே என்ன செய்தார்கள் என்பதை எந்தப் பேரேடும் எழுதிவைக்கவில்லை. வீடு கட்டுவதற்குச் சுண்ணாம்பு அரைக்க வந்தவர்கள் முதல் பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு பிடிப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. லாபத்தில் பங்கு மட்டும் கிடையாது. என் 26 வாரம் எந்த வரிசையில் வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் பேச்சின் நடுவே அவர் ஒன்று சொன்னார். இரவு கடை கட்டும் முன் இருப்புப் பணத்தை எண்ணி, அன்றைய குறிப்போடு ஒத்துப் பார்ப்பார்களாம். பையன் எண்ணிச் சொல்ல, அடுத்தாள் வாசிக்க, மேலாள் கேட்டுக்கொண்டிருப்பார். வராத கடனை யார் போய் வாங்கிவந்தார்கள் என்பதும் அப்போது எல்லோர் காதிலும் விழும். மேலாள் தன் பெயரில் எழுதிக்கொள்ள நினைத்தாலும், வசூலுக்கு நடந்தவன் எதிரே உட்கார்ந்திருப்பான். ஊருக்கு ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு போகும்போது எல்லோருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். கோள் கடிதம், மைத்துனர், வசவு எல்லாம் இருந்தன. அந்த வாசிப்பு மட்டும் நின்றதில்லை.

"ஒன் கணக்கை யாரு எழுதுனாக?" என்று கேட்டார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் எழுதினார்கள் என்றேன். வாசித்துக் காட்டினார்களா என்றார். ரேட்டிங் என்று ஒரே ஓர் எழுத்தை மட்டும் சொன்னார்கள் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. அவருக்கு விளங்காதபடி சொன்னேனோ என்னவோ.

இப்போது இருக்கும் சிறு நிறுவனத்தில் அரசியல் இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னையில் நேரில் சந்திக்கும் ஆறு பேர் தேநீர்க் கடையில் பேசி முடிப்பது, கோட்டையூரில் இருக்கும் எனக்கு மறுநாள்தான் தெரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வாரம் யார் எதைச் செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், தன்னைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் அபத்தமாகப் பட்டது. மூன்றாம் மாதம், நான் மறந்தே போயிருந்த ஒரு சின்னத் திருத்தத்தை யாரோ சொல்லக் கேட்டபோது, அந்த எட்டு மாதப் பையன் நினைவுக்கு வந்தான். அன்று காலை அவன் பெயரை எழுதி நானே ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். குளிக்கப் போய்விட்டேன்.

ராஜினாமாவுக்குப் பிறகு வந்த இறுதிக் கணக்கு அச்செடுத்து என்னிடம் இருக்கிறது. பதில் அனுப்ப முடியாத ஒரு முகவரியிலிருந்து வந்தது. எடுக்காத விடுப்புக்கு ஒரு தொகை, பதினான்கு ஆண்டுப் பணிக்கொடை, கடைசி மாதச் சம்பளம், கழிவுப் பக்கத்தில் வரி, அதன் கீழே "மடிக்கணினி சார்ஜர் — திருப்பித் தரப்படவில்லை — ரூ. 1,450". சார்ஜரைப் பையோடு கொடுத்திருந்தேன். சின்ன ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முற்றத்து வெளிச்சத்துக்குத் தாளைக் கொண்டுபோய், விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார்.