ஹலேமாவுமாவு: லாவாவைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

ஹவாயில் கிலவேயா எரிமலையின் உச்சிப் பள்ளமான ஹலேமாவுமாவுவில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்புக்கு ஒரு குணம் உண்டு. சில மணி நேரம் பீய்ச்சி அடிக்கும், பிறகு நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், அடங்கிக் கிடக்கும். விமான டிக்கெட்டை வைத்து அதைப் பிடிக்க முடியாது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் வெளியிடும் தரைச்சாய்வு வரைபடத்தைப் பாருங்கள். அடியில் மாக்மா (நிலத்துக்குள் இருக்கும் பாறைக்குழம்பு) சேரச் சேரக் கோடு மெல்ல ஏறும். லாவா ஊற்று கிளம்பியதும் மளமளவென்று சரியும். கோடு மறுபடி மேலே திரும்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

எங்கே நிற்பது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். வழக்கமான வடகிழக்குக் காற்று புகையைத் தென்மேற்கே தள்ளிவிடும். அப்போது வடக்கு விளிம்புப் பார்வையிடங்கள் தெளிவாக இருக்கும். தெற்கிலிருந்து அடித்தால் கந்தக டை ஆக்சைடும் எரிமலைக் கண்ணாடித் துகளும் நேராக முகத்துக்கு வரும். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தொண்டை கரகரத்தால் ட்ரைபாடைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறுவதுதான் வழி. வேலியைத் தாண்ட வேண்டாம். விளிம்புப் பாறையில் விரிசல்கள் ஓடுகின்றன, அடியில் பிடிமானம் இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. தேசியப் பூங்கா என்பதால் ட்ரோனுக்கும் தடை.

லென்ஸ் விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் சுமக்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நின்று, முழுச்சட்டக் (ஃபுல் ஃப்ரேம்) கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால், 300 மீட்டர் ஊற்று 180 மிமீ லென்ஸிலேயே மேலிருந்து கீழ்வரை நிறைந்துவிடும். 70-200 மிமீ லென்ஸ் போதும். 400 மிமீ நுணுக்கங்களுக்கு நல்லதுதான், ஆனால் சூடான காற்றின் அலைவு அதில் அப்பட்டமாகத் தெரியும். படம் கொழகொழவென்று வந்தால் போகஸைக் குறை சொல்லாதீர்கள். இருபது முப்பது படம் எடுத்து, காற்று அசையாத கணத்தில் விழுந்த ஒன்றைப் பொறுக்க வேண்டும்.

மிகப் பெரிய தவறு எக்ஸ்போஷரில்தான் நடக்கிறது. லாவா ஒரு விளக்கு. சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துத் தானியங்கி அளவீடு வெளிச்சத்தைக் கூட்ட, சிவப்புச் சேனல் முதலில் நிரம்பி வழிகிறது. விளைவு, விவரமே இல்லாத மஞ்சள் திட்டு. ஹிஸ்டோகிராம் என்பது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்; பொதுவான ஹிஸ்டோகிராம் இதைக் காட்டாது, மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் முறையில், ரா கோப்பாக எடுங்கள், ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் ஆரஞ்சைத் தவறென்று நினைத்து அடக்கிவிடும்.

ஊற்றுக்கு ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, 1/1000 நொடியில் தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். 300 மீட்டர் எழும் குழம்புக் கட்டி வாயை விட்டு நொடிக்கு எழுபத்தைந்து மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்புகிறது. 1/125 வைத்தால் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்து கோடாகிவிடும். உச்சியில் திரும்பி விழும் இடத்தில் வேகம் குறைவு, அங்கே 1/250 கூடத் தாங்கும். பள்ளத்தின் தரையில் பரவும் ஓட்டத்துக்குக் கணக்கே வேறு. அரை நொடி, ஒரு நொடி வைத்தால் குழம்பு பட்டுப்போல வழியும்.

பகலில் போய் ஏமாறுபவர்கள் அதிகம். வெளியே வந்த குழம்பின் மேல்தோல் சில நொடிகளிலேயே கறுக்கத் தொடங்கிவிடும், நீறு பூத்த நெருப்புதான். வெயிலில் வெறும் கருந்தரை. சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடத்தில் வானமும் பள்ளச் சுவரும் லாவாவும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். அதற்குப் பிறகு சுவர் போய்விடும், சிவப்பு மட்டும் மிஞ்சும்.

உச்சி கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம். இரவில் குளிரும், மழை சொல்லாமல் வரும். ட்ரைபாடைத் தாழ்த்தி வையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். விளிம்பில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஹவாயின் எரிமலைத் தெய்வமான பெலேயின் கூந்தல் என்று அங்கே அழைக்கும் மெல்லிய கண்ணாடி இழைகள் காற்றில் மிதக்கின்றன. லென்ஸின் முன்கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகுதான் துணி. அறைக்குத் திரும்பியதும் கேமராவின் உடலையும் ட்ரைபாட் மூட்டுகளையும் லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். புகையோடு சேர்ந்த ஈரம் அமிலம், உலோகத்தை அரிக்கும்.