குளிர்ந்த உடலை வளைத்ததும் பதினொரு மாத அலைச்சலும்

கடந்த ஆண்டு ஆனி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், மார்த்தாண்டத்துக்கு அருகில் நான் பரதம் பயிலும் வகுப்பில், என் வலப் பக்கத்து உட்காரும் எலும்பை ஒட்டி 'டப்' என்று ஓர் ஒலி கேட்டது. ஒரு காலைத் தலைக்கு நேராகத் தூக்கி நிற்கும் ஊர்த்துவ தாண்டவ நிலையில் கால் இன்னும் சற்று உயர வேண்டும் என்பதற்காக, வகுப்புக்கு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத நிலையில், கால்களை நீட்டி அமர்ந்து முன்னே குனிந்திருந்தேன். எனக்கு மூத்த மாணவியான அக்கா ஒருவர், நல்லெண்ணத்துடன்தான், என் முதுகின் மேல் தம் எடையைச் சாய்த்து அழுத்தினார். இருபது ஆண்டுகளாக இப்படித்தான் எங்களில் பலரும் உடலை வளைத்து வந்திருக்கிறோம் என்பதால், அன்று அது தவறு என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு வலி அவ்வளவாக இல்லை. எழுந்து, பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடிப்படை அசைவான தட்டடவுகூட ஆடினேன். மறுநாள் பேருந்து இருக்கையில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் போனபோதுதான் அச்சம் வந்தது. முதலில் பார்த்த மருத்துவரிடம், உட்கார்ந்தால் வலிக்கிறது, வலி தொடையின் பின்புறமாகக் கீழே இறங்குகிறது என்று சொன்னேன். அவர் என்னைப் படுக்க வைத்துத் தொட்டுப் பார்க்காமலேயே சீட்டில் 'சயாட்டிகா' (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்று எழுதி, இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும், மல்லாந்து படுத்துப் பாதத்தில் துண்டைக் கோத்துக் காலை முகத்தை நோக்கி இழுக்கும் பயிற்சியை நாளைக்கு மூன்று வேளை செய்யும்படி சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் ஒரு வேளையும் தவறாமல் செய்தேன். ஒவ்வொரு வாரமும் வலி கூடியது.

இது ஏன் கூடியது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தொடையின் பின்புறத் தசைகள் உட்காரும் எலும்பில் தசைநாண்களால் பற்றியிருக்கின்றன. காலை நீட்டியபடியே இடுப்பை மடக்கும்போது, அந்தத் தசைநாண் இழுபடுவதோடு எலும்பின் மீது நசுங்கவும் செய்கிறது. காயம் அந்த இடத்திலேயே இருக்குமானால், ஒவ்வொரு இழுப்பும் புண்ணை மறுபடி கிளறுவதாகத்தான் முடியும். தசையின் நடுப்பகுதியில் தோன்றும் இதமான இழுப்பு வேறு, எலும்பை ஒட்டிக் குத்தும் வலி வேறு என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வலி தாளாமல், எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் செய்வதுபோல, வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் ஒருவரிடம் தடவலுக்குப் போனேன். எண்ணெயைக் கையில் எடுத்தவர், வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னார். காட்டியதும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மக்களே, இது சதைப் பிடிப்பு இல்ல. எலும்புல நரம்பு விட்டிருக்கு. இதத் தடவப்பிடாது, மொதல்ல படம் எடுத்துப் பாரு" என்றார். நரம்பு என்று அவர் சொன்னது தசைநாணைத்தான். அவர் என்னிடம் பணம் வாங்கவில்லை. அந்த ஆறு வாரங்களில் எனக்குக் கிடைத்த முதல் சரியான சொல் அதுதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தது ஒரு வரியில் முடிந்துவிடும். நாகர்கோவிலில் ஒரு மையத்தில் காலையில் எடுத்து மாலையில் அறிக்கை தந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அலைச்சல். அறிக்கையோடு எலும்பு மருத்துவரைப் பார்க்க நான் புறப்பட்ட நாள், நவராத்திரிக்காகப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாள். தக்கலையில் வண்டிகள் அசையவே இல்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு பேருந்தில் நின்றபடியே போய்ச் சேர்ந்தபோது புறநோயாளிப் பிரிவில் சீட்டு கொடுத்து முடிந்திருந்தது. அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய் முதல் ஆளாக நின்றேன். அங்கிருந்த எழுத்தர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, படமோ குறுந்தகடோ இல்லாமல் வெறும் அறிக்கையை மருத்துவர் பார்க்க மாட்டார் என்று சொல்லி, அடுத்தவரை அழைத்துவிட்டார். ஸ்கேன் மையத்துக்கு ஓடினால், பணம் கட்டிய அசல் ரசீது இருந்தால்தான் குறுந்தகடு தருவோம் என்றார்கள். ரசீதோ ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி என் வீட்டு அலமாரியில் இருந்தது. இரண்டு நாள் கூலியும், உட்கார முடியாத உடம்போடு நான்கு பேருந்துப் பயணங்களும் ஒரு துண்டுத் தாளுக்காகப் போயின. ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே அறிக்கை, படம், குறுந்தகடு மூன்றையும் கேட்டு வாங்கி, ரசீதையும் அதே உறையில் வைத்துவிடுங்கள். மருத்துவரிடம் 'முதுகு வலி', 'கால் வலி' என்று பொதுவாகச் சொல்லாமல், வலி எந்த அசைவில் தொடங்கியது, ஒலி கேட்டதா, எந்த இடம் என்பதை ஒரு விரலால் காட்டிச் சொல்லுங்கள். என் சீட்டில் முதல் நாள் விழுந்த அந்த ஒரு சொல்தான் மூன்று மாதங்களை விழுங்கியது.

மூன்றாம் பயணத்தில் மருத்துவர் படத்தைப் பார்த்து, செமிமெம்பிரனோசஸ் என்னும் தசை உட்காரும் எலும்பில் பற்றுகிற தசைநாணில் பகுதிக் கிழிசல் என்று சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அறுவை தேவையில்லை என்று அவர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் எதையும் மறைக்கவில்லை. கார்ல் ஆஸ்க்லிங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வுகளில், மெதுவாக நீட்டும்போது இதே விதமாகக் காயம்பட்ட 15 நடனக் கலைஞர்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 50 வாரம் என்றும், வேகமாக ஓடும்போது காயம்பட்ட ஓட்டக்காரர்களுக்கு அது 16 வாரம்தான் என்றும் விளக்கினார். தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதே நடனக் காயத்தின் ஆபத்து என்றும், அதை நம்பித்தான் பலர் மறுநாளே ஆடப் போய்விடுகிறார்கள் என்றும் அவர் சொன்னபோது, அன்று நான் ஆடிய தட்டடவு நினைவுக்கு வந்தது.

அவர் முதலில் செய்தது நீட்டும் பயிற்சிகள் அனைத்தையும் நிறுத்தியதுதான். அதற்குப் பதிலாக, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தி, அசையாமல் 30 முதல் 45 நொடி வரை தாங்கி நிற்கும் பயிற்சியை ஐந்து முறை செய்யச் சொன்னார். சில வாரங்களில் அது ஒற்றைக் காலுக்கு மாறியது. பிறகு கையில் எடையுடன் மெல்லக் குனிந்து நிமிர்வதாக வளர்ந்தது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாளைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும் என்பதே அவர் வைத்த வரம்பு. உடலை வளைக்கும் கலைக்கு வலுவைத்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்பதை ஏற்க என் மனத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மேடையில் நம் காலை யாரும் தூக்கிப் பிடிப்பதில்லை. பிறர் தூக்கினால் எவ்வளவு உயரும் என்பதைவிட, சொந்தத் தசையால் எவ்வளவு உயர்த்தி நிறுத்த முடியும் என்பதே ஆட்டத்துக்கு உதவுகிறது. இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், அங்கேதான் காயம் காத்திருக்கிறது என்றார் அவர்.

முழங்காலை வெளிப்புறமாக மடக்கிப் பாதி அமர்ந்த நிலையான அரைமண்டி மார்கழியிலேயே திரும்ப வந்துவிட்டது. கால் தூக்கும் அடவுகள் மட்டும் வைகாசி வரை காத்திருந்தன. இப்போது வகுப்புக்குள் நுழைந்ததும் தரையில் அமர்வதில்லை. எட்டு முதல் பத்து நிமிடம் வேகமான நடையும், முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், தட்டடவும், கால்களை முன்னும் பின்னும் கட்டுப்பாட்டுடன் பத்துப் பத்து முறை வீசுவதும் முடிந்து, நெற்றியில் வியர்வை அரும்பிய பிறகே ஆட்டம் தொடங்குகிறது. ஒரே நிலையில் நீட்டிப் பிடிப்பது வகுப்பின் முடிவில்தான். அதுவும் ஒரு நிலைக்கு 30 நொடி, இரண்டு முறை, குலுக்காமல். ஆட்டத்துக்கு முன்னால் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்தால், சற்று நேரத்துக்கு அந்தத் தசையின் வலு குறைகிறது. நம்மில் பலர் மேடையேறும் முன் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நீட்டும்போது மரத்துப் போவதோ சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் உணர்வதோ இருந்தால், அது நரம்பு. உடனே விட்டுவிட வேண்டும்.

சிறுமிகளுக்குக் கற்பிக்கும் அக்காமாரிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். உட்காரும் எலும்பின் வளர்ச்சிப் பகுதி பதின்ம வயதில் இன்னும் முழுமையாக ஒட்டியிருப்பதில்லை. எனக்குத் தசைநாண் கிழிந்த அதே அழுத்தத்தில், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எலும்பின் துண்டே பெயர்ந்து வந்துவிடலாம். தயவுசெய்து முதுகில் ஏறி அழுத்தாதீர்கள். அரைமண்டியில் பாதங்களைத் தரையில் பிடித்துத் திருப்பவும் வேண்டாம். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், அங்கே இடம் இல்லாத பிள்ளையைப் பாதத்தால் திருப்பினால் முழங்கால்தான் அந்த முறுக்கைத் தாங்குகிறது. என்னை அழுத்திய அக்காவிடம் படத்தைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் முதல் அவருடைய வகுப்பும் நடையில்தான் தொடங்குகிறது.

என் வலது கால் இன்னும் இடது காலைவிட நான்கு விரற்கடை தாழ்வாகத்தான் உயர்கிறது. ஆனால் உயர்ந்த இடத்தில் தாளத்தில் எட்டு அட்சரம் (எண்ணிக்கை) அசையாமல் நிற்கிறது. காயத்துக்கு முன்னால் அது நான்கைத் தாண்டியதில்லை.