ஓரியூர் செம்மண்ணும் ஒரு புதன்கிழமையும்

அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. பஸ் படி ஏறுவதே பெரும்பாடு. அதனால் இந்த வருஷம் ஓரியூர் திருவிழாவுக்கு நான் மட்டும் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மண்ணு எடுத்துட்டு வா தம்பி. புதன்கிழமை அள்ளுனதா இருக்கணும், மறந்துராத."

மறக்க வழியே இல்லை. 2026-இல் பிப்ரவரி 4 புதன்கிழமையாகவே வந்துவிட்டது.

திருவாடானை தாண்டியதும் அறுவடை வாசம். பாதி வயல் அறுத்துக் கிடந்தது, பாதி தலைசாய்ந்து நின்றது. தார்ச்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் திட்டிக்கொண்டேதான் ஓட்டினார், ஆனால் ஒரு மணியின் மேல்கூட டயரை ஏற்றவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று இந்தப் பக்கத்தைச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் வந்து பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். பனையும் சீமைக் கருவேலமும்தான் அப்போது கண்ணில் படும்.

சாலையோரம் நடந்து போகிறவர்கள் தென்படத் தொடங்கினால் ஓரியூர் வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாளே கிளம்பி, இரவெல்லாம் நடந்து வந்தவர்கள். இறங்கி நானும் அவர்களோடு கலந்துகொண்டேன். போர்த்துகீசியப் பாணியில் எழுப்பிய கோயில் முகப்பு தூரத்திலேயே வெள்ளையாகத் தெரிகிறது. பக்கத்தில் பாம்பாறு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அங்கே மண் சிவப்பு. குங்குமச் சிவப்பு இல்லை, பழைய ஓட்டை நுணுக்கித் தூவியதுபோல ஒரு சிவப்பு. காலையில் பனி ஈரம் இருந்ததால் விரல் இடுக்கில் அப்படியே ஒட்டியது.

இந்த மண்ணில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்று நாங்கள் அழைக்கும் போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவை வெட்டினார்கள். அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்பது இங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அன்றும் புதன்கிழமை. அதுவும் சாதாரணப் புதன் இல்லை, சாம்பல் புதன். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 22-இல் வந்தது. அதைவிட முன்னால் ஈஸ்டர் வரவே முடியாது. அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும், அதைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதனோடு, பிப்ரவரி 4 அன்றே வந்துவிட்டது. "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய்" என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் அவர் மண்ணில் விழுந்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அம்மாவுக்குக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை.

திருப்பலிக்கு இடம் கிடைக்காமல் வெளியே தரையில் உட்கார்ந்தேன். குருக்கள் சிவப்பு உடையில் வந்தார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் நாளுக்கு எப்போதும் சிவப்புதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் விநோதமாக இருக்கும்: வெட்டுண்ட நாளில் கொடியும் தோரணமும் எதற்கு? புனிதர்களுக்குப் பெரும்பாலும் இறந்த நாளைத்தான் திருநாளாக வைக்கிறோம், அதை விண்ணகப் பிறந்தநாள் என்கிறோம். மாதாவும் திருமுழுக்கு யோவானும் விதிவிலக்கு, அவர்களுக்கு மண்ணில் பிறந்த நாளும் விழாதான். அருளானந்தரின் தாய்க்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகன் இறந்த செய்தி லிஸ்பனுக்குப் போனபோது அந்த அம்மாள் கறுப்பு உடுத்தாமல் விழா உடை உடுத்தினார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். என் அம்மாவால் அப்படி முடியுமா என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்காது.

ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்தார். பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தி, மாமிசம் விட்டு, தரையில் படுத்து, கால்நடையாகவே திரிந்தார். 1686-இல் பிடித்துச் சித்திரவதை செய்து விட்டுவிட்டார்கள். லிஸ்பன் திரும்பியவரை, அப்போது அரசராகிவிட்ட பழைய தோழர் அங்கேயே இருந்துவிடும்படி கேட்டார். இவர் கேட்கவில்லை, 1690-இல் திரும்ப வந்துவிட்டார். எந்த வழியில் சாவு காத்திருக்கிறது என்று தெரிந்தே அதே வழியில் இரண்டாம் முறை நடந்தாரே, எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது அதுதான்.

அப்புறம் மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் கதை. நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்டார், ஒரு மனைவியோடு வாழ வேண்டும் என்று சாமி சொன்னார், மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கடலாயி, ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிட, சாமியைப் பிடித்தார்கள். நாடு கடத்துகிறோம் என்று வெளியே சொல்லிவிட்டு, ஓரியூரில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பி முடிக்கச் சொன்னார் மன்னர். மறைக்கல்வி வகுப்பில் கடலாயியை எங்களுக்கு வில்லியாகத்தான் காட்டினார்கள். நாடகத்தில் கடலாயி வேஷத்துக்கு எந்தப் பெண்ணும் முன்வரமாட்டாள். இப்போது வயதான பிறகு அவளை அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் 'இனி நீ என் மனைவி இல்லை' என்று கேட்டவள் அவள். அவளுக்கு என்ன ஏற்பாடு நடந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாமியின் புனிதத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அன்று மன்றாட்டு நேரத்தில் அவளுக்காகவும் ஒன்று சொல்லிக்கொண்டேன், மனசுக்குள்தான்.

திருப்பலி முடிந்து மண் அள்ளப் போனால் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஓர் அக்கா, நெற்றியில் பெரிய பொட்டு, மடியில் மொட்டை போட்ட குழந்தை. குனிந்து ஒரு பிடி அள்ளி, முதலில் குழந்தை நெற்றியில் பூசினார், பிறகு தாலியில் தொட்டு வைத்தார், மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். சிலுவை போடவில்லை, கும்பிட்டார். "எந்த ஊருக்கா?" என்றேன். ஊர்ப்பேரைச் சொல்லிவிட்டு, "எங்க வீட்ல யாரும் வேதக்காரங்க இல்ல தம்பி, எங்கப்பாரு காலத்துலேருந்து அருளானந்த சாமிக்கு வர்றோம்" என்றார். 1947-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அருளானந்தரைப் புனிதர் என்று அறிவித்தார். இவர்கள் அதற்கு வெகு முன்பே முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது அந்த அக்கா சொன்ன விதம்.

நான் கொண்டுபோன பாலித்தீன் பை கிழிந்துவிட்டது. நாளிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடலை மடிக்கிற மாதிரி கூம்பு சுற்றி நிரப்பினேன். திரும்பும் பஸ்ஸில் அதைக் கையில் வைத்தே நின்றேன், உட்கார இடமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்து. அம்மா தூங்காமல் இருந்தார். கூம்பை வாங்கி விரலால் கிளறிப் பார்த்தார். அலமாரியிலிருந்து பழைய தைலப் புட்டியை எடுத்து, அடியில் காய்ந்து கிடந்த பழைய மண்ணைக் கொட்டாமல் அதன்மேலேயே புதுசைப் போட்டார். மிச்சத்தில் கொஞ்சம் எடுத்து முழங்காலில் தடவிக்கொண்டு, என் வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். உட்கார்ந்த இடம் முழுக்கச் செம்மண் கறை.

"ஊற வைக்கவாம்மா?" என்றேன்.

"இன்னைக்கு வேணாம். மடிச்சு வை."