கொண்டை ஊசி

முன் வரிசைப் பெண்ணின் கொண்டை அவிழ்ந்தது. மடியில் தூங்கும் குழந்தையை ஒரு கையால் அணைத்தபடியே, பல்லில் கவ்விய ஊசியை எடுத்துச் செருகிக்கொண்டார்.

பீடத்தில் சாமியார் புனிதர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா...

இன்று மார்ச் 7. பெலிசித்தா, பெர்பெத்துவா இருவரின் நாள்.

கி.பி. 203, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். கிறிஸ்தவர் என்பதற்காகச் சிறைப்பட்ட பெர்பெத்துவாவுக்கு வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் அவர் எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லித் தலை நரைத்த தந்தை காலில் விழுந்து கெஞ்சியதை அவரே எழுதியிருக்கிறார். அந்த இடத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிந்ததே இல்லை. அடிமைப் பெண் பெலிசித்தாவுக்குச் சிறையிலேயே பிரசவம்.

விலங்குகளுக்கு முன் விடப்பட்டு உயிர்விட வேண்டும் என்பது தண்டனை. அரங்கில் வெறிகொண்ட பசு முட்டித் தூக்கி எறிந்தது. எழுந்த பெர்பெத்துவா கேட்டது ஒரு கொண்டை ஊசி.

அவிழ்ந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம். தம் வெற்றி நாளில் அழுகிறவளாகத் தெரியக்கூடாதாம்!

தலைவிரிகோலம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

நற்கருணை நேரம். முன் வரிசைப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஊசி அசையவில்லை.