தைவான் மிஷன், பிறகு டி.ஓ.சி.எஃப்.எல்: வாய் பேசும், கண் படிக்காது

தைவானின் சீன (மாண்டரின்) மொழித் தேர்வான டி.ஓ.சி.எஃப்.எல் முடிவு வந்துவிட்டது. நிலை 3, 4 அடங்கிய பேண்ட் பி-யில் கேட்டல், வாசித்தல் இரண்டிலும் நிலை 4. பெரிய நிம்மதி. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஊழிய அழைப்புப் பெற்று, தாய்பேய் மிஷனுக்கோ தாய்ச்சுங் மிஷனுக்கோ போகவிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக உடனே எழுதுகிறேன். தேர்வின் அமைப்பும் பதிவு முறையும் உங்களுக்குத் தெரியும், அவற்றைத் தொடவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். மிஷன் முடித்து வருகிறவர்கள் கேட்டலில் தேறி, வாசித்தலில் ஒரு நிலை பின்தங்குகிறார்கள். திறமைக்குறைவு காரணமல்ல. எல்டர்கள், சிஸ்டர்கள் என்று அழைக்கப்படும் ஊழியர்களின் நாள் அமைந்திருக்கும் விதமே காரணம்.

காலை 6:30க்கு எழுந்து அரை மணி உடற்பயிற்சி. குளித்து, சாப்பிட்டு, தனியாக வேதப் படிப்பு, கம்பேனியனோடு (கூடவே இருக்கும் ஊழியத் துணையோடு) சேர்ந்து படிப்பு, மொழிக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை. அதற்குப் பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. 10:30க்கு விளக்கு அணைய வேண்டும். வெளியே இருக்கும் அத்தனை மணி நேரமும் வேலை செய்வது வாயும் காதும் மட்டும். சிவப்பு விளக்கில் நிற்கும் ஸ்கூட்டர்காரரிடம் பேச்சு, பூங்காவில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் பேச்சு, வாரத்தில் ஒரு மாலை சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு. எழுத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமே வராது. கம்பேனியன் தைவான்காரராக இருந்துவிட்டால் இன்னும் மோசம்: மெனு, மின்கட்டண ரசீது, லைன் செயலியில் வரும் செய்தி எல்லாவற்றையும் அவரே படித்துவிடுவார். உங்கள் பேச்சு வேகமாக வளரும், கண் அப்படியே நின்றுவிடும்.

சொல்வளமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மனந்திரும்புதல், ஞானஸ்நானம், உயிர்த்தெழுதல் எல்லாம் நாவில் நிற்கும். வாடகை ஒப்பந்தம், முன்பணம், பணம் திருப்பித் தருதல், மருந்துச் சீட்டு என்று வந்தால் தடுமாறும். தேர்வு கேட்பது இரண்டாவது வகையைத்தான். நிலை 3க்கு 2,500 சொற்கள், நிலை 4க்கு 5,000. ஊழியத்தில் புழங்குபவை அதில் சிறு பகுதி.

இனி நான் அடித்துச் சொல்ல விரும்பும் விஷயம்: ஜூயின் கற்றுக்கொள்ளுங்கள். போ போ மோ ஃபோ என்று தைவான் குழந்தைகள் முதல் வகுப்பின் முதல் 10 வாரம் படிக்கும் ஒலிக்குறிகள்தான். மொத்தம் 37. யூட்டாவின் ப்ரோவோ பயிற்சி மையத்தில் மாண்டரினுக்கு ஏறத்தாழ 9 வாரம் கொடுப்பார்கள். அங்கே தொடங்குவது, சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் வழியாக. ஆங்கில எழுத்தில் இருப்பதால் பின்யின் முதலில் எளிது, ஆனால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சீன எழுத்தின் அடியில் ஆங்கில எழுத்து இருந்தால் அடியில் இருப்பதை மட்டும் படிப்போம். ஜூயின் அப்படி அல்ல. எழுத்தின் வலப்பக்கத்தில் சிறிதாக நிற்கும். முதலில் எழுத்தைப் பார்ப்பீர்கள், தெரியாதபோது மட்டும் பக்கத்தில் பார்ப்பீர்கள். தைவானின் சிறுவர் புத்தகங்களும், 1948 முதல் வரும் குவோயூ ரிபாவ் நாளிதழும் இந்தக் குறிகளோடு அச்சாகின்றன. சபையில் குழந்தைகள் இருக்கும் எந்த வீட்டிலும் இப்படி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும், கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள். 37 குறிகளுக்கு ஒரு வாரம் போதும். விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நாளில் இதை எங்கே செருகுவது?

– மொழிப் படிப்பில் பாதி நேரம் வாய்விட்டு வாசித்தல். சிறுவர் செய்தி ஒன்று, மறுநாள் மார்மன் புஸ்தகத்தில் அரைப் பக்கம். வேதத்தின் நடை பழையது, தேர்வில் அது வராது. ஆனால் நீண்ட வாக்கியத்தில் கண் தொலைந்துபோகாமல் இருக்க அதைப்போல் பயிற்சி வேறில்லை.

– போனில் விசைப்பலகையை ஜூயினுக்கு மாற்றுங்கள். சபை உறுப்பினர்களுக்கும் பாடம் கேட்கும் நண்பர்களுக்கும் லைனில் செய்தி அனுப்பும் பொறுப்பை, உங்களைப் பழக்கும் முதல் கம்பேனியனான டிரெய்னரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 12 வாரப் பயிற்சிக் காலத்தில் அவர் மறுக்கமாட்டார். அனுப்பும் முன் அவர் ஒருமுறை பார்த்தால் போதும்.

– ஞாயிறு தவிர மற்ற நாட்களில் வெளியே சாப்பிட நேர்ந்தால், நூடுல்ஸ் கடையிலும் காலை உணவுக் கடையிலும் டிக் செய்யும் காகிதச் சீட்டு தருவார்கள். கடைக்காரரிடம் வாயால் கேட்காமல் நீங்களே டிக் செய்யுங்கள். தேயிலை, காபி, மது ஆகிய மூன்றின் எழுத்துகளையும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள். இம்மூன்றையும் விலக்கும் சபைக் கட்டளையான ஞான வார்த்தையைக் கைக்கொள்ள அது தேவை. வெண்பூசணியில் செய்யும் துங்குவா சா பானத்தின் பெயரில் தேயிலை எழுத்து இருக்கும், உள்ளே தேயிலை இருக்காது. ஆனால் அதையே பச்சைத் தேயிலையோடு கலந்தும் விற்கிறார்கள், பெயரை முழுதாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

– புயல் நாட்களில் பள்ளி, அலுவலக விடுமுறை பற்றி உள்ளாட்சி அரசு முந்தைய இரவே அறிவிப்பு வெளியிடும். கம்பேனியன் சுருக்கிச் சொல்வதற்கு முன் நீங்கள் படியுங்கள். தேர்வில் வரும் அறிவிப்புப் பத்திகள் கிட்டத்தட்ட இதே வார்ப்பு.

– வாரத்தில் சொந்த வேலைகளுக்குக் கிடைக்கும் பி-டேயில், துணி துவைக்கப் போட்டுவிட்டுக் கிடைக்கும் இடைவெளியில், அந்த வாரம் கையில் சேர்ந்த சீட்டு, ரசீது, விளம்பரத்தாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பித் தெரியாத எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பேசும் நேரத்தில் கை வைக்காதீர்கள். 2019 பிப்ரவரியிலிருந்துதான் வாரந்தோறும் குடும்பத்தோடு பேச அனுமதி, அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டே முறை. அது உங்களுக்கும் தேவை, அம்மாவுக்கும் தேவை.

சைக்கிளில் போகும்போதும் சிவப்பு விளக்கிலும் படிக்க வேண்டாம். விளக்கில் நிற்கும் நேரம் பக்கத்தில் இருக்கும் மனிதருக்கு உரியது. தைவானில் பல சந்திகளில் சிவப்புக்கும் வினாடி எண் இறங்கும். 60 இருந்தால் பெயர் கேட்டு, சபை பற்றி ஒரு வரி சொல்லி, தொடர்புக்கு வழி வாங்கலாம். 20 இருந்தால் வணக்கமும் சிரிப்பும் போதும். பச்சை விழுந்த பின் பேச்சை இழுக்காதீர்கள், பின்னால் இருபது ஸ்கூட்டர் நிற்கும்.

எழுதிப் பழகுவது பற்றிக் கேட்பீர்கள். என் கருத்து: நேரமில்லை, விடுங்கள். டி.ஓ.சி.எஃப்.எல் வாசிப்புக்கு எழுத்தைக் கண்டால் தெரிந்தால் போதும். ஒரே எழுத்தை நோட்டில் ஐம்பது தடவை எழுதுவதில் நிறைவு காண்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். அதே நேரத்தில் ஒரு முழுச் செய்தியை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தால் கிடைப்பது அதிகம்.

ஒலியில் தமிழ்க் காது கவனிக்க வேண்டியவை:

1. போ, போ. ஜூயினின் முதல் இரண்டு குறிகளையும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். முதலாவது நம் 'பால்' என்பதில் வரும் ப. இரண்டாவதில் மூச்சு வெளியே தள்ளப்படும். உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் முதலாவதற்கு அசையாது, இரண்டாவதற்கு அசைய வேண்டும். இப்படி ஆறு இணைகள் உண்டு. பின்யினின் ஆங்கில எழுத்தை நம்பி முதலாவதை 'பஸ்' என்பதுபோல் அதிர்த்துச் சொல்வது பலரிடமும் இருக்கும் பிழை.

2. 'மனிதன்' என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழ-வுக்கு மிக அருகில். ஆங்கிலம் பேசும் எல்டர்கள் மாதக்கணக்கில் போராடும் இடம், உங்களுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து.

3. தைவான் தெருவில் நாக்கை மடிக்கும் ஒலிகளைப் பலர் மடிக்காமல் பேசுவார்கள். நான்குக்கும் பத்துக்கும் உரிய சீனச் சொற்கள் ஒரே மாதிரி கேட்கும், சுருதியில் (குரலின் ஏற்ற இறக்கத்தில்) தான் வேறுபாடு. தெருவில் மட்டும் பழகிய காதுக்குத் தேர்வின் திருத்தமான ஒலிப்பதிவு முதலில் அந்நியமாக இருக்கும். மாதிரித் தேர்வுகளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. மூன்றாம் சுருதி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் சுருதியாக மாறும். புத்தகத்தில் அப்படி எழுதியிருக்காது, வாயில் மாறும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு: ஊழியக் காலத்தில் தேர்வுக்கு நேரம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய பின் தள்ளிப்போடாதீர்கள், பேசுவதற்கு ஆளில்லாமல் முதலில் கரைவது காதுதான். காலை 6:30 மணிப் பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கும்போதே முதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வுக்குக் கொடுங்கள். ஜூயினை இந்தக் கட்டத்தில் மூடிவிட வேண்டும். தேர்வுத்தாளில் சீன எழுத்து மட்டும்தான் இருக்கும், பக்கத்தில் உதவிக்குறி கிடையாது. வீட்டு வாடகை, மருத்துவமனை, வேலை விண்ணப்பம், பயணம், வங்கி ஆகிய ஐந்து தலைப்புகளில் தைவான் இணையதளங்களைப் படியுங்கள்.

வாசித்தல் 50 கேள்வி, 60 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் 12 வினாடி. விடுபட்ட சொல்லை நிரப்பும் பத்திகளில் நமக்கு ஒரு சாதகம் உண்டு: வாக்கியத்தைச் சன்னமாக உதட்டுக்குள் ஓட்டினால் எந்தச் சொல் பொருந்தும் என்று காது சொல்லிவிடும். அங்கே மிச்சப்படுத்தும் நிமிடங்களை நீண்ட பத்திகளுக்கு வையுங்கள்.

பேச்சு சரளமாக இருக்கிறதே என்று நேராக பேண்ட் சி-க்குப் பதிவு செய்ய ஆசை வரும். அதன் முதல் நிலைக்கே 8,000 சொற்கள் வேண்டும். வாசித்தல் மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள், அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து பேண்டைத் தேர்ந்தெடுங்கள்.